பார்வையற்றோர் நடத்தும் உணவுக்கடைகள்: பயிற்சி மட்டும் போதுமா? ஹேவ்லாக் படகுத்துறை காட்டும் கணக்கு

ஹேவ்லாக்: விமான நிலையம் இல்லாத தீவுக்குப் படகுத்துறைதான் வாசல். அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய அனைவரும் கோவிந்த் நகர் படகுத்துறையில்தான் கரையேறுகின்றனர், அங்கிருந்துதான் திரும்புகின்றனர். கப்பல் வரும் நேரமும் புறப்படும் நேரமும் முன்கூட்டியே தெரியும். வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை; அவரே நடந்து வருவார். இப்படிப்பட்ட இடத்தில் தேநீர், சிற்றுண்டி, குடிநீர் விற்கும் சிறு கடை ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமாக அமையக்கூடும்.

இத்தகைய இடங்களைப் பார்வையற்றோருக்கு முன்னுரிமையாக ஒதுக்கி, உணவகமும் விற்பனை நிலையமும் நடத்த அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் 1936 முதல் சட்டமாகவே நடைமுறையில் உள்ளது. இந்தியச் சட்டத்திலும் அதற்கான கதவு திறந்திருக்கிறது. அந்தச் சட்டங்கள் என்ன சொல்கின்றன, பார்வையில்லாத ஒருவர் அடுப்பையும் கல்லாவையும் எப்படிக் கையாள்கிறார், சில திட்டங்கள் ஏன் நிலைத்தன, சில ஏன் மறைந்தன என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

யார் பார்வையற்றோர்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. பார்வை முற்றிலும் இல்லாதவர்கள் மட்டுமே பார்வையற்றோர் என்று அது கூறவில்லை. கண்ணாடி அணிந்த பிறகும் இரு கண்களில் மேலான கண்ணின் பார்வைக் கூர்மை 3/60க்கும் குறைவாக இருந்தாலோ, பார்வைப் புலம் 10 பாகைக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தாலோ அவர் பார்வையற்றவராகவே கருதப்படுவார். 6/18க்கும் 3/60க்கும் இடைப்பட்ட நிலை குறைபார்வை என வகைப்படுத்தப்படுகிறது.

இந்த வரையறை கடை நடத்துவதோடு நேரடித் தொடர்புடையது. வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்தறியக்கூடியவருக்குத் தேவைப்படும் பயிற்சி வேறு; பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குத் தேவைப்படும் பயிற்சி வேறு. நாற்பது வயதில் நீரிழிவால் பார்வையை இழந்தவருக்கு பிரெய்ல் எழுத்து தெரிந்திருக்காது. ஆனால் கடைத்தெருவின் வியாபாரம் நன்றாகத் தெரிந்திருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. அவர்களில் சுமார் 50 லட்சம் பேர் பார்வைக் குறைபாடு உடையவர்கள்.

1936 சட்டம் செய்தது என்ன?

உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலத்தில், 1936 ஜூன் 20 அன்று அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப், செனட்டர் மோரிஸ் ஷெப்பர்டு ஆகிய இருவரின் பெயரால் அது 'ராண்டால்ஃப்-ஷெப்பர்டு சட்டம்' என அழைக்கப்படுகிறது. கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் விற்பனைக் கடை நடத்தும் வாய்ப்பு பார்வையற்றோருக்கே என்பது அதன் சாரம். செய்தித்தாள், மிட்டாய், புகையிலை போன்றவற்றை விற்கும் சிறு கடைகளே தொடக்கத்தில் இதன்கீழ் வந்தன.

1954லும் 1974லும் சட்டம் திருத்தப்பட்டது. குறிப்பாக 1974 திருத்தம் அதன் வீச்சை மாற்றியமைத்தது. சிற்றுண்டிச் சாலைகள், தானியங்கி விற்பனை இயந்திரங்கள் ஆகியவையும் 'விற்பனை வசதி' என்ற சொல்லுக்குள் கொண்டுவரப்பட்டன. அரசு வளாகத்தில் வேறொருவர் வைத்திருக்கும் விற்பனை இயந்திரம் பார்வையற்றவரின் கடைக்குப் போட்டியாக இருந்தால், அதன் வருவாயில் அவருக்குப் பங்கு உண்டு என்றும் விதிக்கப்பட்டது.

அதே திருத்தம் மற்றொரு நிபந்தனையையும் சேர்த்தது. 1975 ஜனவரி 1க்குப் பிறகு அரசுத் துறைகள் புதிதாக வாங்கும், கட்டும் அல்லது வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தில் பார்வையற்றோர் கடை நடத்தத் தகுந்த இடம் இருக்கிறதா என்பதை முன்னரே ஆராய வேண்டும். எஞ்சிய மூலையைப் பின்னால் தேடிக் கொடுப்பதற்கு மாறாக, வரைபடத்திலேயே இடத்தைக் குறித்துவிடும் ஏற்பாடு இது. 1982இல் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் விற்பனை இயந்திரங்கள் அனுமதிக்கப்பட்டபோது, அவற்றிலும் பார்வையற்றோருக்கே முன்னுரிமை வழங்கப்பட்டது.

திட்டம் எப்படி இயங்குகிறது?

ஒவ்வொரு மாநிலத்திலும் உரிமம் வழங்கும் முகமை ஒன்று உள்ளது. விண்ணப்பதாரர் பார்வையற்றவரா, குடிமகனா என்பதைச் சரிபார்த்துப் பயிற்சி அளிப்பது அதன் பணி. பயிற்சியில் தேறியவருக்கு உரிமம் கிடைக்கும். கடைக்கான உபகரணங்களையும் தொடக்கச் சரக்கையும் முகமையே ஏற்பாடு செய்யும். அதன் பின்னர் அவர் சம்பளம் வாங்கும் ஊழியர் அல்லர். சொந்தத் தொழில் நடத்தும் முதலாளி. பணியாட்களை அமர்த்துவது, சரக்கு வாங்குவது, கணக்கு வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. லாபமும் அவருக்கே.

லாபத்தில் ஒரு பகுதியைப் பொது நிதிக்குச் செலுத்த வேண்டும் என மாநிலங்கள் விதிக்கலாம். பழுதான உபகரணங்களை மாற்றவும், நிர்வாக உதவிக்கும், வருவாய் குறைந்தவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானத்தை உறுதி செய்யவும் அந்த நிதி பயன்படுகிறது. விற்பனையாளர்களே வாக்களித்து ஒப்புக்கொண்டால் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விடுப்புக்கால ஊதியம் ஆகியவற்றுக்கும் அதைச் செலவிடலாம்.

விற்பனையாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று திட்டத்தின் முக்கிய முடிவுகளில் பங்கேற்கிறது. முகமையின் முடிவால் பாதிக்கப்பட்டவர் விசாரணை கோரலாம். அதிலும் நிறைவில்லை என்றால் நடுவர் தீர்ப்பாயம் வரை செல்லலாம். சுருக்கமாகச் சொன்னால் இடம், பயிற்சி, முதல் சரக்கு, பழுதுபார்ப்பு, முறையீடு ஆகிய ஐந்தும் ஒரே திட்டத்துக்குள் இணைக்கப்பட்டுள்ளன.

இந்தத் திட்டமும் அடி வாங்காமல் இல்லை. கொரோனா காலத்தில் அலுவலகங்கள் மூடப்பட்டபோது வாடிக்கையாளரே இல்லாமல் போயினர். விற்பனையாளர்களின் இழப்பை ஈடுகட்ட அமெரிக்க நாடாளுமன்றம் 2 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. ஒரே வகை இடத்தை நம்பிய தொழில் எவ்வளவு எளிதில் நொடிந்துவிடும் என்பதை அது உணர்த்தியது.

விற்பனைத் தொழில் வழியாகப் பார்வையற்றோரை நிலைநிறுத்தியதற்கு ஸ்பெயினிலும் முன்னுதாரணம் உண்டு. 1938 டிசம்பர் 13 அன்று நிறுவப்பட்ட 'ஒன்சே' என்ற பார்வையற்றோர் அமைப்புக்கு லாட்டரிச் சீட்டு நடத்தும் உரிமை அளிக்கப்பட்டது. தெருமுனைகளில் சீட்டு விற்றுக் கிடைத்த வருவாயில் கல்வியும் பயிற்சியும் வழங்கி அது பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

இந்தியச் சட்டத்தில் என்ன உள்ளது?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சிக்கும் சுயதொழிலுக்கும் சலுகை வட்டிக் கடன் உள்ளிட்ட திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது. 37ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. தொழில், வணிகம், நிறுவனம் தொடங்கச் சலுகை விலையில் நிலம் ஒதுக்கும் திட்டங்களில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என அது வரையறுக்கிறது. இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வணிகத்துக்கான நிலத்தில் முன்னுரிமை குறிப்பிடப்பட்டிருந்தது.

தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014, விற்பனைச் சான்று வழங்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தருகிறது. ஆனால் அது நகர்ப்புற உள்ளாட்சிகளை மையமாகக் கொண்டு வகுக்கப்பட்டது. ஹேவ்லாக் கிராமப் பஞ்சாயத்துப் பகுதி. எனவே அங்கே படகுத்துறை, கடற்கரை நுழைவாயில், அரசு விடுதி வளாகம் போன்ற இடங்களில் யாருக்குக் கடை என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் பெரிதும் ஒன்றியப் பிரதேச நிர்வாகத்தின் கையிலேயே உள்ளது. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய அரசே நிர்வகிக்கிறது.

முதலீட்டுக்கு, 1997இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் சலுகைக் கடன் வழங்குகிறது. பயிற்சிக்கு, டேராடூனில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் முதன்மையானது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1943இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு விடுதியிலிருந்து அது வளர்ந்தது. சென்னையை அடுத்த பூந்தமல்லியில் அதன் மண்டல மையம் செயல்படுகிறது. அந்தமானில், தற்போது ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரில், மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டு மண்டல மையம் உள்ளது.

மஞ்சள் பலகை தந்த பாடம்

இடம் ஒதுக்கி வாழ்வாதாரம் தருவதை இந்தியா ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ என்று எழுதிய மஞ்சள் பலகைகளை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பொதுத் தொலைபேசிச் சாவடிகளை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. பேருந்து நிலையம், மருத்துவமனை, ரயில் நிலையம் என மக்கள் கூடும் இடங்களில் ஏராளமான பார்வையற்றோர் அமர்ந்து தொழில் நடத்தினர். எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வதும், விசைகளைத் தடவி அழுத்துவதும், நேரத்தைக் கணக்கிடுவதும் அவர்களுக்குக் கைவந்த கலையாயின.

பிறகு கைப்பேசி வந்தது. சில ஆண்டுகளில் சாவடிகள் வெறிச்சோடின. நகலெடுப்பு, ரீசார்ஜ், தின்பண்டம் என விற்பனையை விரித்துக்கொண்டவர்கள் தாக்குப்பிடித்தனர். தொலைபேசியை மட்டும் நம்பியிருந்தவர்கள் தொழிலை இழந்தனர். இடமும் உரிமமும் கைக்கு வந்திருந்தன. வேறு தொழிலுக்கு மாறுவதற்கான பயிற்சியோ, தொடர்ந்து கைகொடுக்கும் அமைப்போ உடன் வரவில்லை.

அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கேயும் செய்தித்தாள் விற்பனை தேய்ந்தது. ஆனால் சட்டம் ஒரு பொருளைக் காக்காமல் ஒரு இடத்தைக் காத்தது. செய்தித்தாள் போனால் சிற்றுண்டி, அதற்குப் பின் தானியங்கி இயந்திரம் என அந்த இடத்தில் விற்பவை மாறிக்கொண்டே வந்தன.

தமிழ்நாட்டில் ஆவின் பாலகங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் நடைமுறை உள்ளது. தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் 2021இல், மாற்றுத்திறனாளிகளே நடத்தும் 'கஃபே ஏபிள்' உணவகம் தொடங்கப்பட்டது. 2023 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்ற வளாகத்தில் 'மிட்டி கஃபே' சிற்றுண்டியகத்தை அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் திறந்துவைத்தார். பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் அங்கே பணியாற்றுகின்றனர். அரசு வளாகம், நிலையான வாடிக்கையாளர், முன்கூட்டிய பயிற்சி என்ற மூன்றும் சேரும் இடங்களில் இந்த முயற்சி வேர்பிடிக்கிறது என்பதற்கு இவை சான்றுகள்.

சமையலறையில் என்ன கற்பிக்கப்படுகிறது?

பார்வையற்றவர் கொதிக்கும் எண்ணெய்க்கு அருகில் நிற்பது ஆபத்து என்பதே பலரின் முதல் எதிர்ப்பு. பயிற்சியின் முதல் பாடமும் அதுவே. பொருள்களுக்கு நிலையான இடம் என்பது அடிப்படை விதி. கத்தி எப்போதும் ஒரே உறையில். உப்பு எப்போதும் இடப்புற முதல் டப்பாவில். பாத்திரத்தின் கைப்பிடி எப்போதும் அடுப்பின் உட்புறம் நோக்கி. எடுத்தவர் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். கடையில் உதவிக்கு இருக்கும் பார்வையுள்ளவருக்கும் இந்த ஒழுங்கு கட்டாயம். பெரும்பாலான சிறு விபத்துகள் யாரோ ஒருவர் பொருளை இடம் மாற்றி வைப்பதால்தான் நேர்கின்றன.

அடுப்புக் குமிழில் 'சிறு தீ', 'நடுத்தரம்', 'முழுத் தீ' ஆகிய நிலைகளில் தொட்டு உணரும் புள்ளிகள் ஒட்டப்படுகின்றன. பாத்திரத்தை வைத்து, அது பர்னரின் நடுவில் இருப்பதை உறுதிசெய்த பிறகே பற்றவைக்க வேண்டும். முழங்கை வரை நீளும் கையுறை, வழுக்காத விரிப்பு, பேசும் எடைக்கருவி, பேசும் வெப்பமானி ஆகியவை துணைக்கு வருகின்றன. கோப்பையின் விளிம்பில் மாட்டும் சிறு கருவி, திரவம் உரிய அளவை எட்டியதும் ஒலி எழுப்பும். அனுபவம் கூடக்கூட, கோப்பை நிறையும்போது மாறும் ஓசையைக் கேட்டே அளவைச் சொல்லிவிடுபவர்களும் உண்டு.

பால் பொங்குவதற்கு முன் எழும் இரைச்சல், கடுகு வெடித்து அடங்கும் தாளம், வெங்காயம் சிவக்கும்போது மாறும் மணம், வடை வெந்ததும் எண்ணெயில் தணியும் சலசலப்பு ஆகியவை பார்வையுள்ள சமையல்காரரும் அறிந்த அடையாளங்களே. பயிற்சி அவற்றைத் தற்செயலான துணையிலிருந்து முதன்மை அளவுகோலாக உயர்த்துகிறது. டப்பாக்களை பிரெய்ல் சீட்டு, ரப்பர் வளையத்தின் எண்ணிக்கை, மூடியின் வடிவம் ஆகியவற்றால் பிரித்தறியலாம். காலாவதித் தேதியை அறிய, கைப்பேசிக் கேமரா படித்துச் சொல்லும் செயலிகள் உதவுகின்றன.

பரிமாறுவதற்கு 'கடிகார முறை' பயன்படுகிறது. தட்டைக் கடிகார முகப்பாக எண்ணி, சட்னி 3 மணிக்கு, சாம்பார் 9 மணிக்கு என ஒரே ஒழுங்கில் வைப்பது வழக்கம். தானியங்கி இயந்திரத்தில் சரக்கு நிரப்புவதும் இதே தர்க்கத்தில் அமைகிறது. வரிசையையும் அறையையும் எண்ணி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொருள் என நிலைநிறுத்துகின்றனர்.

சுகாதாரத்தில் சலுகை கிடையாது. உணவு விற்கும் எவரும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். மேசை துடைப்பதில்கூடப் பாடம் இருக்கிறது. நேர்க்கோட்டில் ஒரு முறை, அதற்குக் குறுக்காக மறுமுறை துடைத்து, பின்னர் வெறுங்கையால் தடவிச் சரிபார்ப்பது பார்வையற்றோர் கையாளும் முறை.

கல்லாவில் கண்

கடையின் வெற்றி அடுப்பைவிடக் கல்லாவில்தான் தீர்மானிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: நாளொன்றுக்கு 150 கோப்பைத் தேநீர், தலா 15 ரூபாய் என விற்றால் வரவு 2,250 ரூபாய். பால், தேயிலை, சர்க்கரை, எரிவாயு, கோப்பை ஆகியவற்றுக்குக் கோப்பை ஒன்றுக்கு 8 ரூபாய் என வைத்தால் 1,200 ரூபாய் போகும். மீதி 1,050. உதவியாளர் கூலி 500, இட வாடகை 150 என்றால் கைக்கு வருவது 400 ரூபாய். இதில் பத்துப் பேர் பணம் தராமல் நழுவினால் 150 ரூபாய் இழப்பு. கைவருமானம் 250 ஆகச் சுருங்கும். விற்பனையில் 7 விழுக்காடு கூட இல்லாத கசிவு, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது.

அதனால்தான் பணத்தை அறிவது தனிப் பாடமாகிறது. ரூபாய் நோட்டுகளின் நீளம் மதிப்புக்கு ஏற்ப வேறுபடுகிறது. புதிய வரிசையில் 100 ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150 மில்லிமீட்டர் நீளம் கொண்டவை. 100 ரூபாய் நோட்டில் மேலெழும்பிய முக்கோணமும் விளிம்பில் நான்கு சாய்கோடுகளும் உள்ளன. 500 ரூபாய் நோட்டில் வட்டமும் ஐந்து கோடுகளும் உள்ளன. ஆனால் 4 மில்லிமீட்டர் வேறுபாட்டை வரிசை காத்திருக்கும் நேரத்தில் விரலால் அளப்பது கடினம். நோட்டு பழசானால் மேலெழும்பிய குறியும் மழுங்கிவிடும்.

இதற்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று 'மணி' என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. நோட்டைக் கேமரா முன் காட்டினால் அதன் மதிப்பைச் சொல்லும். இணைய இணைப்பு இல்லாமலும் அது இயங்கும். ஆனால் நோட்டு உண்மையானதா கள்ளநோட்டா என்பதை அது சொல்லாது. 2019இல் வெளியான புதிய நாணய வரிசையில் மதிப்பு கூடக்கூட அளவும் எடையும் கூடும். 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கங்களைக் கொண்டது.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது யுபிஐ. கடையில் வைக்கும் ஒலிப்பெட்டி, எத்தனை ரூபாய் வரவானது என்பதை உரக்கச் சொல்கிறது. பார்வையுள்ள வணிகருக்கு அது வசதி. பார்வையற்றவருக்கோ கல்லாவுக்குக் கிடைத்த கண். பழைய ரசீதின் படத்தைக் காட்டி ஏமாற்றுவது அவரிடம் பலிக்காது. ஒலி கேட்ட பிறகே பொருளைத் தருவது என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வசதிக்கு இணையம் தேவை. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் இடப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அது இணைக்கும் தீவுகளில் ஹேவ்லாக்கும் ஒன்று. ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்ற பெயர் அறிவிக்கப்பட்டதும், இந்த வடத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் 2018 டிசம்பர் 30 என்ற ஒரே நாளில்தான்.

வங்கிக் கணக்கு தொடங்குவதிலும் தடைகள் இருந்தன. காசோலை, ஏடிஎம், கடன் உள்ளிட்ட எந்தச் சேவையையும் பார்வையற்றோருக்கு மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2008இல் அறிவுறுத்தியது. மின்னணு அடையாளச் சரிபார்ப்பு வந்தபோது 'கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டவும்' என்ற கட்டளை புதிய சுவராக எழுந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி எனத் தீர்ப்பளித்து, சரிபார்ப்பு முறைகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி திருத்த 20 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது.

தீவுக்கே உரிய கணக்கு

டேராடூனிலோ சென்னையிலோ கற்றவற்றை அப்படியே தீவில் நடைமுறைப்படுத்த முடியாது. ஹேவ்லாக்குக்குப் பெரும்பாலான சரக்கு கப்பலில் வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் ரத்தாகும். அன்று சரக்கும் வராது, வாடிக்கையாளரும் வரமாட்டார். எனவே கெடாத பொருள்களின் இருப்பு, பருவமில்லா மாதங்களுக்கான சேமிப்பு, உள்ளூர் மக்களை வாடிக்கையாளராக்கும் உத்தி ஆகியவை பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

மொழியும் ஒரு பாடம்தான். 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களால் உருவான தீவு இது. வங்காளம் பரவலாகப் பேசப்படுகிறது, இந்தி பொதுமொழி. அந்தமான் நிக்கோபார் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என 2011 கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. முகத்தைப் பார்க்க இயலாத வணிகருக்கு வாடிக்கையாளரின் குரலே அடையாளம். மூன்று மொழிகளில் விலை சொல்லத் தெரிந்தவருக்கு அந்தக் குரல்கள் விரைவில் பழகிவிடும்.

நடமாட்டமும் முக்கியம். வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தனியே சென்றுவரும் பாதையை வெள்ளைக் கோலுடன் பழக வேண்டும். பயணிகளின் பெட்டிகளும் இருசக்கர வாகனங்களும் நெருக்கியடிக்கும் படகுத்துறையில் இது எளிதன்று. தரையில் தொட்டுணரும் வழிகாட்டிக் கற்கள் பதிப்பதும், கடைக்கு முன் வாகனம் நிறுத்தாமல் தடுப்பதும் நிர்வாகம் செய்ய வேண்டியவை. இவற்றைப் பயிற்சியாளரின் திறமையால் ஈடுகட்ட முடியாது.

எங்கே தடுமாறுகிறது?

ஒதுக்கப்படும் கடைகள் பெயருக்கு மட்டும் மாற்றுத்திறனாளியிடமும், நடைமுறையில் வேறொருவர் கையிலும் இருப்பது இத்துறையில் பழகிப்போன நோய். உரிமம் பெற்றவருக்கு மாதந்தோறும் சிறு தொகை, லாபம் மற்றவருக்கு. இதை மோசடி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். பயிற்சியும் முதலீடும் இல்லாமல் கடையை மட்டும் கொடுத்தால், அதை வாடகைக்கு விடுவதுதான் அவருக்கு மிஞ்சும் ஒரே வழியாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சான்றிதழ் தரும் பயிற்சி வகுப்பு நடக்கும். முடித்தவருக்கு இடம் கிடைக்காது. கற்ற கை சில மாதங்களில் பழக்கம் விட்டுப்போகும். பயிற்சியையும் இட ஒதுக்கீட்டையும் வெவ்வேறு துறைகள் வெவ்வேறு காலத்தில் செய்வதன் விளைவு இது.

திறமைக்குக் குறைவில்லை என்பதை நிரூபித்தவர்கள் நாட்டில் உள்ளனர். மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மலை வாசத்தலத்தில், பார்வையிழந்த பவேஷ் பாட்டியா தள்ளுவண்டியில் மெழுகுவர்த்தி விற்கத் தொடங்கி, 1994இல் 'சன்ரைஸ் கேண்டில்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். பார்வையற்றோரைப் பணியமர்த்தியே அதை வளர்த்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஸ்ரீகாந்த் பொல்லா 2012இல் ஹைதராபாதில் தொடங்கிய 'பொல்லாண்ட்' நிறுவனம், பாக்கு மட்டைத் தட்டு உள்ளிட்ட பொருள்களைத் தயாரிக்கிறது. ஆனால் தனித்துத் தெரியும் சிலரின் விடாமுயற்சியை எல்லோருக்குமான திட்டமாகக் கொள்ள முடியாது. சாதாரண மனிதர் சாதாரண உழைப்பால் பிழைக்க வழி செய்வதே திட்டத்தின் வேலை.

ஹேவ்லாக்குக்குப் பொருத்திப் பார்த்தால்

ஹேவ்லாக் போன்ற சிறு தீவில் இதைத் தொடங்கப் பெரும் செலவு தேவைப்படாது. படகுத்துறையிலோ ராதாநகர் கடற்கரை நுழைவாயிலிலோ ஒரு கடை; நடத்த முன்வரும் ஒருவர்; அந்தக் கடையின் அமைப்பிலேயே, அதே அடுப்பிலும் அதே கல்லாவிலும் பயிற்சி; தொடக்கச் சரக்குக்குச் சலுகைக் கடன்; முதல் ஓராண்டுக்கு மாதம் ஒரு முறை வந்து கணக்கையும் உபகரணங்களையும் சரிபார்க்கும் அலுவலர். உரிமத்தில் ஒரு பொருளைக் குறிப்பிடாமல் இடத்தைக் குறிப்பிட்டால், காலம் மாறும்போது விற்பனையும் மாறலாம். கடையை மற்றவருக்கு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு, நோயுற்றால் உதவியாளரை அமர்த்தும் உரிமையும் சேர்ந்தால் முறைகேட்டுக்கான தேவை குறையும்.

தகுதியுள்ளவர் எடுக்க வேண்டிய முதல் அடி, தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறுவது. கடனுக்கும் ஒதுக்கீட்டுக்கும் அதுவே அடிப்படை ஆவணம். அடுத்து, புதிதாகக் கட்டப்படும் அல்லது ஏலம் விடப்படும் அரசு வளாகக் கடைகளில் 37ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையிடச் சட்டம் இடமளிக்கிறது.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியதும் சிறிதுதான். என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்வது, நோட்டைக் கொடுக்கும்போது அதன் மதிப்பைச் சொல்வது, எடுத்துப் பார்த்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது. கடைக்காரர் கேட்பது இரக்கத்தையன்று. எல்லாக் கடைக்காரர்களும் எதிர்பார்க்கும் நியாயமான விலையையும் மறுபடி வரும் வாடிக்கையாளரையும்தான்.